லூவான் ஹாகனின் மூன்று நிமிடங்கள்

லூவான் ஹாகன் பள்ளி வாரியத் தேர்தலில் நின்றது ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற பெரிய எண்ணத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பல் டாக்டரின் மேல் வந்த கோபத்தில் நின்றாள். அதை அவளும் மறைத்ததில்லை.

கோபத்துக்குக் காரணம் இது. எங்கள் ஊர் டார்வலில் நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் மான் வேட்டை. அந்த ஒன்பது நாளும் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் தூக்கக் கண்களோடுதான் உட்கார்ந்திருக்கும். விடியும் முன் காட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி வண்டியில் எறிந்துவிட்டு, முதல் மணிக்கு வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைகள். துப்பாக்கியை வீட்டில் இறக்க மறந்து, இருக்கைக்குப் பின்னால் வைத்தபடியே பள்ளிக்கு ஓட்டிப் போவது இங்கே எல்லாக் குடும்பத்திலும் ஒரு தடவையாவது நடந்திருக்கும். யாரும் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். அந்த வருஷம் ஒரே வாரத்தில் இரண்டு பையன்கள் மாட்டினார்கள்.

சட்டப்படி ஒரு வருஷம் பள்ளியை விட்டு நீக்கம். வாரியம் மனசு வைத்தால் குறைக்கலாம். முதல் பையன் ஷேன். சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டில் வாழும் ரோண்டாவின் மகன். ரோண்டா சீஸ் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வரிசையில் லூவானுக்குப் பக்கத்தில் நிற்பவள். வாரியத்தின் முன்னால் அவளுக்குப் பேச வரவில்லை, அழ மட்டும்தான் வந்தது. ஷேனுக்கு முழு வருஷமும் போட்டார்கள். இரண்டாவது பையன் பல் டாக்டர் ஃபென்ஸ்கியின் மகன். டாக்டர் டை கட்டிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மகனுடைய வண்டியைத் தானே எடுத்துப் போனதாகவும், துப்பாக்கியைத் தானே பின்னால் வைத்துவிட்டு மறந்துபோனதாகவும், பையனுக்கு எதுவும் தெரியாது என்றும் சொன்னார். தெரியாமல் கொண்டுவந்தால் அது குற்றத்தில் சேராது. முன்ஜாக்கிரதைக்காக மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் தொழிற்சாலையில் தலைமுடி வலைக்குக் கீழே முகம் வீங்கி நின்ற ரோண்டாவைப் பார்த்தபோது லூவானுக்கு வயிறு எரிந்தது. "அந்த ஆளு பொய் சொல்றான்னு அங்க உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கும் தெரியும். ஒருத்தனாவது கேட்டானா?" என்றாள். யாரும் கேட்கவில்லை என்பதால் தானே கேட்பது என்று முடிவு செய்தாள். நாற்பத்தேழு வயது, கணவன் இறந்து ஆறு வருஷம், வீட்டில் பள்ளிக் கடைசி வருஷத்தை நெருங்கும் ஒரே மகள். இதற்கு முன் எதிலும் நின்றவள் இல்லை.

இங்கே ஏப்ரலில் தேர்தல். பிப்ரவரியில் தரை இரும்பாக இறுகிக் கிடக்கும், விளம்பரப் பலகையின் காலை மண்ணில் ஊன்ற முடியாது. லூவானும் மகள் டெஸ்ஸாவும் காலி ஐஸ்கிரீம் வாளிகளில் தண்ணீர் ஊற்றி, பலகையின் காலை உள்ளே நிறுத்தி, பின்வாசலில் வைத்துவிடுவார்கள். காலையில் வாளி கல்லாக இருக்கும். அதைக் கொண்டுபோய் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் பனியில் வைப்பார்கள். "எல்லாருக்கும் ஒரே விதி" என்று பலகைகளில் டெஸ்ஸாவே பச்சை மையில் எழுதியிருந்தாள்.

வீடு வீடாகப் போனதில் லூவானுக்கு ஒரு திறமை இருப்பது ஊருக்குத் தெரிந்தது. டாக்டரைப் போலவே பேசிக் காட்டுவாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தலையைச் சாய்த்து, பல்லுக்கு ஊசி போடுமுன் பேசுகிற அந்த வழவழக் குரலில், "தப்பு என்னுதுங்க. நான்தான் வச்சேன். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்பாள். கதவைத் திறந்தவர்கள் குளிரையும் மறந்து சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குச் சாராயக்கடையில் கூட்டம் சேர்ந்தால், "லூவான், டாக்டரைப் போடு!" என்று ஆளுக்கு ஆள் கத்துவார்கள். அவளும் போடுவாள். ஒருநாள் டாக்டரே மூலை மேசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். லூவான் கவனித்தாள். கவனித்தபின்தான் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் போட்டாள்.

பதினான்கு ஓட்டில் ஜெயித்தாள். அதற்குள் பனி உருகி, வாளிகளில் ஐஸ் இளகி, அவள் பலகைகள் ஊர் முழுக்கச் சேற்றில் குப்புறக் கிடந்தன.

வாரியம் என்றால் ஏதோ பெரிய சபை என்று நினைத்துவிடக் கூடாது. மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை மாலை, பள்ளி நூலகத்தில், எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த நாற்காலிகளில் ஏழு பெரியவர்கள் முழங்கால் முட்ட உட்கார்வார்கள். பேருந்து எந்தச் சாலையில் திரும்புவது, கொதிகலன் இந்தக் குளிருக்குத் தாங்குமா, பால் யாரிடம் வாங்குவது என்று பேச்சு போகும். தலைவர் ஓர்வில், தீவனக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற எழுபது வயதுக்காரர். அவர் முன்னால் முட்டை வேக நேரம் திருகி வைக்கும் சமையலறை மணி ஒன்று இருக்கும். பொதுமக்கள் பேச விரும்பினால் தாளில் பெயர் எழுத வேண்டும். மூன்று நிமிடம். மணி அடித்ததும் உட்கார வேண்டும். என்ன சொன்னாலும் வாரியத்தார் பதில் சொல்லக் கூடாது, அது விதி. ஓர்வில் நன்றி சொல்லி அடுத்த பெயரைப் படிப்பார்.

லூவானின் இரண்டாவது கூட்டத்திலேயே, மே மாதம், அந்தத் தாளில் ரோண்டா பெயர் எழுதினாள். இந்தத் தடவை அழாமல் பேசினாள். ஷேனை இந்த வருஷமே திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் சும்மா கிடந்து கெட்டுப்போகிறான் என்றாள். பேச்சு முழுக்க லூவானைப் பார்த்தேதான் பேசினாள். லூவான் விதிப்படி வாயைத் திறக்கவில்லை. மணி அடித்தது. "நன்றி, ரோண்டா" என்றார் ஓர்வில்.

வண்டி நிறுத்துமிடத்தில் ரோண்டா அவளைப் பிடித்தாள்.

"நீ எனக்காக நின்னேன்னு நினைச்சேன்டி."

"உனக்காகத்தான் நின்னேன். அடுத்த மாசம் ஒரு தீர்மானம் கொண்டு வர்றேன். இனிமே யாருக்கும் தண்டனையக் குறைக்கக் கூடாது. டாக்டர் மகனா இருந்தாலும் சரி, கவர்னர் மகனா இருந்தாலும் சரி."

ரோண்டா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "டாக்டர் மகனைத் தூக்குல போடுன்னு நான் கேட்டேனா? என் மகனை விடுங்கன்னுதானே கேட்டேன்?"

லூவானுக்கு இது பிடிபடவில்லை. நன்றிகெட்டவள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இரண்டு பேரையும் விட்டிருக்கலாம் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. நியாயம் என்றால் இறுக்குவதுதான் என்று நினைக்கிற மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு, எங்கள் ஊரில் கொஞ்சம் அதிகம். ஜூனில் தீர்மானம் நான்குக்கு மூன்றில் நிறைவேறியது. எதிர்த்தவர்களில் ஓர்வில் ஒருவர். ஷேன் திரும்பிப் பள்ளிக்கு வரவே இல்லை. கோடையில் கூரை போடும் கூட்டத்தோடு டகோட்டா பக்கம் போய்விட்டான்.

மறுபடி நவம்பர் வந்தது. டெஸ்ஸாவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, பள்ளியில் கடைசி வருஷம். அப்பா டேரலின் துப்பாக்கியோடு, அப்பா மரத்து மேல் கட்டிய மேடையில்தான் அவள் வேட்டைக்கு உட்கார்வாள். மான் கிடைக்கிறதோ இல்லையோ, அந்த இடத்தில் உட்கார்வது அவளுக்கு முக்கியம். முதல் ஞாயிறு இருட்டும் நேரத்தில் லூவான் பிக்கப் வண்டியை வயல் ஓரம் கொண்டுபோய் அவளை ஏற்றிக்கொண்டாள். தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை இருக்கைக்குப் பின்னால் வைத்தார்கள். டேரல் இருந்த நாளிலிருந்தே அந்த வீட்டில் ஒரு வழக்கம், ஓட்டி வந்தவர்தான் துப்பாக்கியை வீட்டுக்குள் எடுக்க வேண்டும். வண்டியில் வந்தவர் மற்ற சாமான்களை எடுப்பார். டெஸ்ஸா பிளாஸ்கையும் நனைந்த கம்பளியையும் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். லூவானுக்கு அடுத்த வாரியக் கூட்டத்துக்கான காகிதங்கள் மேசையில் காத்திருந்தன, கொதிகலன் விவகாரம். வந்ததும் அதில் உட்கார்ந்துவிட்டாள்.

கதவடியிலிருந்து டெஸ்ஸா கேட்டாள். "அம்மா, துப்பாக்கிய உள்ள எடுத்தியா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. கதவைச் சாத்து, குளிர் வருது."

லூவான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எடுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை மதியம், பள்ளி வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர், டெஸ்ஸா ஓட்டி வந்திருந்த பிக்கப்பின் பின் கண்ணாடியில் துப்பாக்கியின் தோல் வாரைப் பார்த்தார். தலைமையாசிரியர் தொழிற்சாலைக்குப் போன் செய்தார். பொட்டலம் கட்டும் வரிசை நின்று, எல்லோரும் லூவானையே பார்த்தார்கள். கையுறையைக் கழற்றக் கூட மறந்து போனைக் கேட்டாள்.

விசாரணைக்கு டிசம்பரில் நாள் குறித்தார்கள். அதுவரை டெஸ்ஸா வீட்டில் இருந்தாள். அவள் பயப்படவே இல்லை, அதுதான் லூவானுக்குப் பொறுக்கவில்லை.

"நீ ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதும்மா. தெரியாமக் கொண்டு போனா குத்தமில்ல. நான் கேட்டேன், நீ எடுத்தாச்சுன்னு சொன்னே. உண்மையத்தானே சொல்லப் போறே?" என்றாள் டெஸ்ஸா.

"பார்க்கலாம்."

"என்ன பார்க்கலாம்?"

"சாப்பிடு, ஆறுது" என்றாள் லூவான்.

தொழிற்சாலையில் ஒரு வாரம் யாரும் எதுவும் பேசவில்லை. எட்டாம் நாள் பெட்டி தூக்கும் ஆள் ஒருவன், நல்லவன்தான், விளையாட்டாகத்தான் கேட்டான். "என்ன லூவான், இந்தத் தடவை நிஜமாவே டாக்டரைப் போடப் போறியா?" வரிசை முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். சொல்ல வேண்டிய உண்மை எப்படிப் பார்த்தாலும் அதே மூன்று வாக்கியமாகத்தான் வந்தது. தப்பு என்னுது. நான்தான் வச்சேன். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அதை எந்தக் குரலில் சொல்வது என்று வண்டியில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தாள். எந்தக் குரலில் சொன்னாலும் டாக்டரின் குரல் வந்தது.

விசாரணை அன்று நூலகக் கதவைச் சாத்தினார்கள். ஆறு பேர் ஒரு பக்கம். தன் மகள் விஷயம் என்பதால் லூவானுக்கு ஓட்டு இல்லை. மேசையின் இந்தப் பக்கம் டெஸ்ஸாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"துப்பாக்கி வண்டியில இருந்தது உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் ஓர்வில்.

"தெரியாதுங்க. வீட்டுக்குள்ள எடுத்து வச்சாச்சுன்னு நினைச்சேன்."

"ஏன் அப்படி நினைச்சே?"

டெஸ்ஸா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "அதை எங்கம்மாகிட்ட கேளுங்க."

ஓர்வில் கண்ணாடியைக் கழற்றினார். கேள்வியை அவர் மெதுவாகத்தான் கேட்டார். "லூவான், தாயா நீ ஏதாவது சொல்லணுமா? நேரம் எடுத்துக்க. இன்னிக்கு மணி வைக்கல."

லூவான் வாயைத் திறந்தாள். எதிரே இருந்த ஆறு முகங்களில் நான்கு, சாராயக்கடையில் வயிறு வலிக்கச் சிரித்த முகங்கள்.

"சொல்ல ஒண்ணுமில்ல. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நான்குக்கு இரண்டு. ஒரு வருஷம்.

வெளியே நடைவழியில் ஓர்வில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "காத்துக்கிட்டு இருந்தோம், லூவான். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நம்புறோமோ இல்லையோ, விட்டிருப்போம்."

வீட்டுக்குப் போகும் வழியில் பாதித் தூரம் போனதும் டெஸ்ஸா கேட்டாள்.

"எடுத்தாச்சுன்னு சொன்னது ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்கு."

"அப்புறம் ஏம்மா?"

"யாரும் நம்பியிருக்க மாட்டாங்கடி. சிரிச்சிருப்பாங்க."

"அவங்களை நம்ப வைன்னு நான் கேட்கலையே. சொல்லுன்னுதானே கேட்டேன்."

மாநிலத் தலைநகருக்கு மேல்முறையீடு எழுதலாம் என்றார்கள். பதினெட்டு ஆனதால் கையெழுத்து டெஸ்ஸா போட வேண்டும். போட மறுத்துவிட்டாள். கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் டுலூத் நகரத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனாள். முதியோர் இல்லம் ஒன்றில் துணி வெளுக்கும் வேலை. அப்பாவின் துப்பாக்கி இன்னும் போலீஸிடமே இருந்தது. அதைப் பற்றி அவள் கேட்கவும் இல்லை. லூவான் போன் செய்தால் அத்தைதான் எடுத்தாள்.

ஜனவரியில் லூவான் வாரியத்திலிருந்து விலகினாள். ஊரில் அவளுக்கு மரியாதை கூடியிருந்தது, அதுதான் கொடுமை. தன் பெண்ணுக்கே விட்டுக்கொடுக்காதவள் என்று பெட்ரோல் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள் கை குலுக்கினார்கள்.

பிப்ரவரி இரண்டாவது திங்கட்கிழமை நூலகத்துக்குப் போய், பொதுமக்கள் தாளில் பெயர் எழுதினாள். அவளுக்கு முன்னால் ஒரே ஒரு பெயர் இருந்தது, டாக்டர் ஃபென்ஸ்கி. நீச்சல் குழுவுக்குப் பேருந்து வேண்டும் என்று பேசிவிட்டு அவர் உட்கார்ந்தார். பின்னால் இருபது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் நீச்சல் பிள்ளைகளின் பெற்றோர். ஓர்வில் மணியைத் திருகி வைத்தார்.

லூவான் எழுந்து நின்றாள். எழுதிக்கொண்டு வந்த தாளைப் பிரிக்கவில்லை.

"நான் இதை நடவடிக்கைக் குறிப்புல ஏத்தணும்னு கேட்டுக்கறேன். நவம்பர்ல எம்பொண்ணு வண்டியில துப்பாக்கி இருந்தது. தப்பு என்னுது. நான்தான் வச்சேன். பிள்ளைக்கு ஒண்ணும்..."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லை, பழக்கதோஷம். ஒரு வருஷமாக அந்த வாக்கியத்துக்குச் சிரித்துப் பழகிய ஊர். உடனே அடக்கிக்கொண்டார்கள், ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது.

"...ஒண்ணும் தெரியாது" என்று முடித்தாள்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தை அப்போதுதான் லூவான் சரியாகப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன முகம். அவர் அன்றைக்குச் சொன்னதும் உண்மையாகவே இருந்திருந்தால்? ஒரு தகப்பன் நிஜமாகவே வைத்துவிட்டு மறந்துபோயிருந்தால்?

"டாக்டர், நீங்க அன்னிக்குச் சொன்னது..." என்று அவர் பக்கம் திரும்பினாள்.

"வாரியத்தைப் பார்த்துத்தான் பேசணும், லூவான்" என்றார் ஓர்வில். விதி விதிதான்.

அவள் முன்பக்கம் திரும்பினாள். சொல்ல வேண்டியது முடிந்திருந்தது, அரை நிமிடம்கூட ஆகவில்லை. உட்காரவும் தோன்றாமல் அப்படியே நின்றாள். ஆறு பேரும் தங்கள் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அவள் எதிர்பார்க்கக் கூடாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதே மௌனத்தை அவளும் கடைப்பிடித்தவள்தான். மணி டிக் டிக்கென்று ஓடி முடிந்து அடித்தது.

"நன்றி, லூவான்" என்றார் ஓர்வில். அடுத்து கொதிகலன்.

வாரியத்தின் குறிப்புகளை ஊர் வாரப்பத்திரிகை அப்படியே அச்சிடும். புதன்கிழமை இடைவேளையில் லூவான் அதைப் பிரித்து, தொழிற்சாலை ஓய்வறையில் விரல் வைத்துத் தேடினாள். வெட்டி டுலூத்துக்கு அனுப்புவதற்காக ஒரு உறையும் வாங்கி வைத்திருந்தாள், முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது. அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தாள். எதிரே ரோண்டா காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவர்கள் வேலை விஷயம் தவிர வேறு பேசியதில்லை.

"என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டாள் ரோண்டா.

லூவான் படித்துக் காட்டினாள். "பொதுமக்கள் கருத்து: டாக்டர் ஃபென்ஸ்கி, லூவான் ஹாகன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். பேர் மட்டுந்தான்."

ரோண்டா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கும் அப்படித்தான் போட்டாங்க" என்றாள். "நீ அங்க இருந்தியே, படிச்சுப் பார்க்கலையா?"